கேளுங்கள், சொல்கிறேன்: மறுபடியும் அதே உணவகமா?

செஃப் ஒருவரே சொந்தமாக நடத்தும் ஒரு சின்ன ஃபைன் டைனிங் உணவகத்துக்கு அடிக்கடி போகிறவள் நான் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சரி, இந்த முறை அதற்கே இடம் ஒதுக்கிவிடுகிறேன். உணவகத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். ஏற்கெனவே அங்கே இடம் கிடைப்பது பெரும்பாடு.

கே: அவ்வளவு காசு கொடுத்து ஒரே இடத்துக்கு ஏன் போக வேண்டும்? அதே காசில் ஒவ்வொரு முறையும் ஒரு புது இடம் பார்க்கலாமே? உங்களுக்கு அலுக்கவே அலுக்காதா?

ப: புது இடத்தில் ஒரு தடவை சாப்பிட்டால் அந்த ஒரு ராத்திரி எப்படி இருந்தது என்று தெரியும். செஃப் நன்றாகச் சமைக்கிறாரா என்பதும் தெரிந்துவிடும். அவர் எப்படி யோசிக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் திரும்பத் திரும்பப் போனால்தான் உண்டு. எனக்கு அந்த இரண்டாவது விஷயத்தில்தான் ருசி.

ஒரு வெங்காயத்தின் கதை சொல்கிறேன். நான் முதலில் போனபோது, ஒன்றன்பின் ஒன்றாக வரும் உணவுகளில் நாலாவது கோர்ஸாக ஒரு முழு வெங்காயம் வந்தது. தோலோடு உப்புப் படுக்கையில் வைத்து, ஓவனில் நிதானமாக வேகவைத்தது. தலையைச் சீவி, உள்ளே இருப்பதைக் கரண்டியால் எடுத்து, க்ரீமோடு அரைத்து மறுபடி அதே கூட்டுக்குள் நிரப்பியிருந்தார். வறுத்த வெங்காயத் தோலில் எடுத்த பழுப்பு நிறச் சாறு பக்கத்தில். அருமையாக இருந்தது. ஆனால் பாதிக்கு மேல் ஒரே தித்திப்பு.

அது ஏன் என்பது சமையலறை வேதியியல். வெங்காயத்தை வெட்டும்போதுதான் அதன் செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருக்கும் பொருள்கள் ஒன்றுசேர்ந்து காரநெடி பிறக்கிறது. அதைச் செய்யும் நொதி சூட்டில் செத்துவிடும். வெட்டாமல் முழுசாக வேகவைத்தால் காரத்துக்கு வழியே இல்லை, இனிப்புதான் மிஞ்சும்.

அடுத்த முறை போனபோது அதே வெங்காயம் இதழ் இதழாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் ஓரமும் கருகி வந்தது. சாற்றில் கொஞ்சம் வினிகர் ஏறியிருந்தது. அதற்கப்புறம் ஒரு தடவை க்ரீமே காணோம். பச்சை வெங்காயத்தைத் துருவி, பரிமாறுகிற நேரத்தில் மேலே ஒரு சிட்டிகை. காணாமல்போன காரம் அப்படித் திரும்பி வந்தது. பிறகு அளவு பாதியாகி, நாலாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு நகர்ந்தது. அளவைக் குறைத்த காரணம் எனக்குப் புரிந்தது. அமெரிக்காவில் ஃப்ரெஞ்ச் லாண்டரி உணவகத்தை நடத்தும் தாமஸ் கெல்லர் இதைப் பல காலமாகச் சொல்லிவருகிறார்: முதல் சில கவளத்துக்குப் பிறகு நாக்கு மரத்துப்போகும், ஆகவே இன்னும் கொஞ்சம் கிடைக்காதா என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

கடைசியாகப் போனபோது வெங்காயத்தை மெனுவிலிருந்தே எடுத்துவிட்டிருந்தார். கேட்டேன். “முடிஞ்சிடுச்சு” என்றார். ஒரு மனிதர் ஒரு வெங்காயத்தோடு இத்தனை நாள் மல்லுக்கட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இதில் எங்கே அலுப்பு வரும்?

காசைப் பற்றிக் கேட்டீர்கள். மற்றபடி நான் வெளியே சாப்பிடுவதே அபூர்வம். என் வீட்டுக்காரருக்கு மூன்று மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்காரப் பொறுமை கிடையாது. நான் தனியாகத்தான் போகிறேன். அதிலேயே பாதிச் செலவு மிச்சம்.

கே: டேஸ்டிங் மெனு என்றால் செஃப் தருவதைத்தான் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். அடிக்கடி போகிறவருக்கும் அதையேதானே கொடுப்பார்கள்?

ப: நல்ல இடங்களில் யார் எப்போது வந்தார், என்ன சாப்பிட்டார், எதை மீதி வைத்தார் என்று குறித்து வைப்பார்கள். இடம் பதிவு செய்யும்போதே ‘போன முறை இன்னின்னது சாப்பிட்டேன்’ என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். முடிந்ததை மாற்றுவார்கள். சமையல் ஆரம்பித்த பிறகு மேஜையில் உட்கார்ந்துகொண்டு சொன்னால் ஒன்றும் நடக்காது. ஸ்டாக் எனப்படும் வேகவைத்தெடுத்த சாறு, சாஸ் எல்லாம் காலையிலிருந்து தயாராகிற விஷயம்.

மெனு மாறுவதும் செஃபைப் பொறுத்தது. ஸ்பெயினில் ஃபெர்ரான் அட்ரியா நடத்திய எல் புல்லி வருஷத்தில் ஏறக்குறைய பாதி நாள் மூடியிருக்கும். அந்த மாதங்களில் அடுத்த பருவத்துக்கான புது உணவுகளைக் கண்டுபிடிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. 2011-இல் கடையை மூடியபோது கடைசி எண் 1846. அந்த எண்ணை அவர்கள் ‘பீச் மெல்பா’ என்ற பழைய ஐஸ்கிரீம் இனிப்புக்குக் கொடுத்தார்கள். அதைப் படைத்த பிரெஞ்சு சமையல் மேதை எஸ்கோஃபியே பிறந்த வருஷம் 1846 என்பதால்.

இதற்கு நேர் எதிரான கட்சியும் உண்டு. பிரான்ஸில் ட்ருவாக்ரோ சகோதரர்கள் 1960-களில் செய்த, சாரல் என்ற புளிப்புக் கீரையின் சாஸ் ஊற்றிய சால்மன் மீன், பல பத்தாண்டுகள் அவர்கள் உணவகத்தின் அடையாளமாகவே இருந்தது. அதற்காகவே திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். அப்படி ஓர் உணவை மெனுவிலிருந்து எடுத்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். எடுக்காவிட்டால் செஃபுக்கே சலித்துப்போகும். நான் செஃப் கட்சி. என் வெங்காயம் போனதற்கு நான் சண்டை போடவில்லை என்பதைக் கவனிக்கவும்.

கே: அடிக்கடி வருகிறவர் என்று தெரிந்தால் தனிக் கவனிப்பு உண்டா? முதல்முறை வருகிறவர்களுக்கு அது அநியாயம் இல்லையா?

ப: உண்டு. மறைக்க வேண்டியதில்லை. எனக்குக் கவுண்டரில் ஓர இருக்கை கொடுப்பார்கள், அங்கிருந்து தட்டுகள் தயாராகிற மேடை நேரே தெரியும். சில நாள், மெனுவுக்கு இன்னும் வராத ஏதாவது ஒரு கரண்டி அளவு என் முன்னால் வந்து நிற்கும். ஆனால் பக்கத்து நாற்காலியில் முதல்முறையாக வந்தவருக்கும் எனக்கும் பிரதான கோர்ஸில் ஒரே அக்கறை காட்டுகிறார்களா என்று நான் ஓரக்கண்ணால் பார்ப்பதுண்டு. அதில் வித்தியாசம் தெரிந்தால் அன்றோடு எனக்கும் அந்த இடத்துக்கும் உறவு முடிந்தது.

இந்த விஷயத்தில் ஒரு பழைய சம்பவம் பிரசித்தம். 1993-இல் நியூயார்க் டைம்ஸின் உணவு விமர்சகர் ரூத் ரைஷல், லெ சர்க் என்ற பெரிய உணவகத்துக்கு வேஷம் போட்டுக்கொண்டு சாதாரண ஆளாகப் போனார். அப்புறம் அடையாளம் தெரிந்த நிலையிலும் போனார். இரண்டு விதமான வரவேற்பையும் ஒரே விமர்சனத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதி, அந்தப் பத்திரிகை அதற்குக் கொடுத்திருந்த நாலு நட்சத்திரத்தை மூன்றாகக் குறைத்துவிட்டார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தோக்கியோவில் சுகியபாஷி ஜிரோ என்கிற சுஷி கடை, பத்தே இருக்கை. உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் பிரெஞ்சுக் கையேடான மிச்செலினின் உச்சபட்சமான மூன்று நட்சத்திரம் வாங்கிய இடம். 2019-இல் அதை மிச்செலின் கையேட்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ருசி குறைந்ததால் அல்ல, பொதுமக்கள் யாரும் நேரடியாக இடம் பதிவு செய்ய முடியாமல் போனதால். வழக்கமாக வருகிறவர்களாலும் அவர்களுடைய சிபாரிசாலும் பத்து நாற்காலியும் நிறைந்துவிட்டால் புதியவர் எங்கே உட்காருவார்? என்னைப் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கூட்டமான மாதங்களில் நான் என் உணவகத்துக்குப் போவதில்லை.

கே: சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் செஃபிடமே சொல்லலாமா? அவர் மனம் நோகாதா?

ப: சொல்லுங்கள். தட்டை எடுக்க வரும்போது, ஒரே வாக்கியத்தில். வீட்டுக்குப் போய் நாலு பேரிடம் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு முறை இரவு கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். சாஸில் உப்புத் தூக்கலாக இருந்தது. பரிமாறிய பெண்ணிடம் மெதுவாகச் சொன்னேன். செஃப் என் பக்கம் திரும்பவே இல்லை. தண்ணீரில் நின்ற கரண்டிகளில் ஒன்றை எடுத்துப் பாத்திரத்தில் தொட்டு வாயில் வைத்தார், கரண்டியைப் போட்டார், பாத்திரத்தை அடுப்பிலிருந்து அப்படியே நகர்த்தி ஓரம் கட்டினார். அடுத்திருந்தவர்களின் தட்டுகள் தாமதமாகத்தான் வந்தன. காரணம் எளிமையானது. சுண்டக் காய்ச்சிய சாஸை அடுப்போரம் சூட்டிலேயே வைத்திருப்பார்கள். தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், உப்பு எங்கும் போகாது. ஏழு மணிக்குச் சாப்பிட்டவருக்குச் சரியாக இருந்தது பத்து மணிக்கு வந்தவருக்குக் கரிக்கும். அவ்வப்போது ருசி பார்த்துக் கொஞ்சம் ஸ்டாக் விட்டுத் தளர்த்த வேண்டும். அன்றைக்கு யாரோ அதை மறந்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் சாஸ் வரும் நேரத்தில் என் முகத்தை அந்தப் பெண் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறாள்.

கே: செஃப் ஊரில் இல்லாத நாளில் போனால் ஏமாற்றமா?

ப: அவருடைய முகத்தைப் பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். சாப்பிடப் போனால் இல்லை. சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என்று சமையலறையைப் படைப்பிரிவு மாதிரி பிரித்த எஸ்கோஃபியேயின் ஏற்பாடு எதற்காக? ஒருவர் இல்லாவிட்டாலும் வேலை நடக்கத்தான். பிரெஞ்சு செஃப் பால் பொக்யூஸ் 2018-இல் இறந்தார். 1965 முதல் அவருடைய உணவகம் வைத்திருந்த மிச்செலினின் மூன்று நட்சத்திரம் அவர் போன பிறகும் நீடித்தது, 2020-இல்தான் இரண்டானது. என்னுடைய உணவகத்தில் செஃப் இல்லாத ராத்திரிகளில் அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் பெண்தான் தட்டுகளைப் பார்த்து அனுப்புகிறார். கறியை அவரைவிடக் கொஞ்சம் பதமாகவே சுடுகிறார் என்பது என் அபிப்பிராயம். இது செஃப் காதுக்குப் போக வேண்டாம்.

கே: சாப்பிடுவதற்கு முன்பே முழுப் பணத்தையும் கட்டச் சொல்கிறார்கள். இது அடாவடி இல்லையா?

ப: இருபது நாற்காலி உள்ள இடத்தில் நாலு பேர் சொல்லாமல் வராமல் போனால் அன்றைய லாபம் அத்தோடு போச்சு. அவர்களுக்காக வாங்கிய மீனை நாளைக்குப் போட முடியாது. சிகாகோவில் கிராண்ட் அகாட்ஸும் நிக் கொகோனாஸும் 2011-இல் ‘நெக்ஸ்ட்’ உணவகத்தைத் திறந்தபோது தியேட்டர் டிக்கெட் மாதிரி முன்கூட்டியே விற்க ஆரம்பித்தார்கள். கூட்டம் குறைவான நாளுக்கு விலையும் குறைவு. பிறகு நிறைய இடங்கள் அதைப் பின்பற்றின. எனக்கு இதில் புகார் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் பில்லைப் பார்த்து முகம் மாற வேண்டிய அவசியமும் இல்லை.

கே: உங்கள் செஃப் திடீரென்று பாதையையே மாற்றிவிட்டால் அப்போதும் போவீர்களா?

ப: ஒரு தடவையாவது போய்ப் பார்ப்பேன். பாரிஸில் ஆர்ப்பேஜ் நடத்தும் அலேன் பசார், சுட்ட இறைச்சிக்குப் பேர்போனவர். 2001-இல் சிவப்பு இறைச்சியை மெனுவிலிருந்து தூக்கிவிட்டுக் காய்கறிக்கு முதலிடம் கொடுத்தார். மூன்று நட்சத்திரமும் போகவில்லை. 2025-இல் மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டார், தேனைத் தவிர. பழைய வாடிக்கையாளர் சிலருக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் ஒரு செஃபின் கைமேல் நம்பிக்கை வைத்துப் போனவருக்கு, அந்தக் கை வேறு பொருளைத் தொடும்போது என்ன ஆகிறது என்று பார்க்க ஆசை வராதா?

கே: அடிக்கடி போகிறவர் எதைச் செய்யவே கூடாது?

ப: மாப்பிள்ளை முறுக்குக் காட்டக் கூடாது. கூட்டி வந்த நண்பர்கள் முன்னால் செஃபைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பெருமை பீற்றுவது, மெனுவில் இல்லாததை ‘எனக்காக’ என்று கேட்பது, வேலை நடுவே கவுண்டருக்கு மேல் எட்டிப் பேச்சுக் கொடுப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் சேரும். எட்டு தட்டு ஒரே நேரத்தில் போக வேண்டிய நிமிஷத்தில் அவருக்கு உங்கள் பேரன் எந்த வகுப்பு என்று கேட்க நேரமில்லை. அப்புறம், நேரத்துக்குப் போங்கள். நான் எப்போதும் பத்து நிமிஷம் முன்னதாகவே போய்விடுவேன். ஓர நாற்காலி வேறு யாருக்காவது போய்விடுமோ என்ற பயம்.