பியானோ சுருதி சேர்ப்பும் மின்னணுக் கருவியும்: கேள்வி பதில்

கேள்வி: கிதாருக்கு வைத்திருக்கும் சாதாரண டியூனர் செயலியைக் கொண்டே பியானோவுக்கும் சுருதி சேர்க்கலாமா?

பதில்: நடு ஸ்தாயியில் ஓரளவு ஒத்துவரும், இரு ஓரங்களிலும் கைவிட்டுவிடும். பியானோவின் எஃகுக் கம்பிகள் விறைப்பானவை என்பதால், அவற்றின் மேற்சுரங்கள் (அடிப்படை ஒலியோடு சேர்ந்தே எழும் உயர்ந்த ஒலிகள்) அடிப்படை அதிர்வெண்ணின் சரியான இருமடங்காகவும் மும்மடங்காகவும் அமையாமல், சற்றுக் கூடுதலாகவே ஒலிக்கின்றன. ஆகவே மேல் ஸ்தாயிச் சுரங்களைக் கணக்குக்குச் சற்று மேலேயும் மந்திர ஸ்தாயிச் சுரங்களைச் சற்றுக் கீழேயும் வைத்தால்தான் காது ஒப்புக்கொள்ளும். இந்த விரிவு, கம்பி குட்டையான சிறிய பியானோக்களில் பொதுவாக அதிகமாகவும் நீண்ட கிராண்ட் பியானோவில் குறைவாகவும் இருக்கும். பியானோவுக்கென்றே அமைந்த கருவிகள் சில சுரங்களை முதலில் கேட்டு, அந்தப் பியானோவுக்குரிய விரிவைக் கணக்கிட்டுக்கொள்கின்றன. சாதாரணச் செயலி அதைச் செய்வதில்லை.

கேள்வி: ஒரு சென்ட் பிசகுக்குள் சேர்த்தும், ஒரே கட்டையை அழுத்தினால் ஒலி அலைகிறதே, ஏன்?

பதில்: ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு, 440 ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய கால் ஹெர்ட்ஸ். பெரும்பாலான கட்டைகளுக்கு மூன்று கம்பிகள் உண்டு. அவற்றில் ஒன்று ஒரு சென்ட் ஏறியும் மற்றொன்று ஒரு சென்ட் இறங்கியும் நின்றால், இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒலி எழுந்து தணியும். மேற்சுரங்களில் இன்னும் வேகமாக. நடுக் கம்பியைக் கருவியைப் பார்த்துச் சேர்த்துவிட்டு, மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாகக் காதால் அதனோடு இணைப்பதே என் வழக்கம்.

கேள்வி: சேர்த்த சில நாள்களிலேயே சுருதி இறங்குகிறது. டியூனர் கருவி பழுதா?

பதில்: கருவியைக் குறை சொல்வதற்கில்லை. டியூனிங் பின் (கம்பியின் முனை சுற்றப்பட்ட முறுக்காணி) மரத்துக்குள் திரும்பாமல் மேல்பகுதி மட்டும் முறுகி நின்றால், முள் சரியாகக் காட்டினாலும் கம்பி பிறகு நழுவும். இலக்கைச் சற்றே தாண்டி ஏற்றி, மெல்ல இறக்கி நிறுத்தி, கட்டையைச் சில முறை ஓங்கி அடித்த பின்பும் முள் அசையாதிருந்தால்தான் அடுத்த கம்பிக்குப் போகலாம்.

கேள்வி: முழுப் பியானோவும் 30 சென்ட் இறங்கிக் கிடக்கிறது. ஒரே சுற்றில் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியாது. பின்னால் ஏற்றும் கம்பிகளின் இழுவிசை சவுண்ட்போர்டை (கம்பிகளின் அதிர்வைப் பெருக்கும் மரப்பலகையை) அழுத்துவதால், முன்னால் ஏற்றியவை இறங்கிவிடும். முதல் சுற்றில் வேண்டுமென்றே சற்று மிகையாக ஏற்றி, அடுத்த சுற்றில் நுணுக்கமாகச் சேர்க்கவும். கம்பி துருப்பிடித்திருந்தால் அறுந்துபோகும் என்பதையும் எண்ணிப் பார்க்கவும்.

கேள்வி: ஈரப்பதம் எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: 40 முதல் 50 விழுக்காடு வரை நல்லது, அதைவிட, ஏறி இறங்காமல் இருப்பதே முக்கியம்.