எச்சத் தடத்தோடு பெயிண்டும் போய்விட்டது: பட்டறையிடம் இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். வீட்டு வாசலில் உள்ள தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் காரை நிறுத்துகிறோம். ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் பானெட்டில் மூன்று இடங்களில் காக்கை எச்சம் விழுந்து காய்ந்திருந்தது. துடைத்த பிறகும் மங்கலான தடம் நின்றுவிட்டது. ஒரு டீடெய்லிங் பட்டறையில் காட்டியபோது, பெயிண்ட் அடிக்கத் தேவையில்லை, ரப்பிங்கும் பாலிஷும் போதும் என்று ஜாப் கார்டில் எழுதிக் கொடுத்து, 6,500 ரூபாய் வாங்கினார்கள். தடம் போய்விட்டது. ஆனால் பானெட்டின் விளிம்பு மடிப்பில் ஒரு சாண் நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில், பெயிண்டுக்கு அடிப்பூச்சான பிரைமர் தெரிகிறது. பானெட் முழுவதும் பெயிண்ட் அடிக்க 14,000 ரூபாய் ஆகும் என்று வேறோர் இடத்தில் சொல்கிறார்கள். பட்டறைக்காரரோ, ‘டெலிவரிக்குப் பின் எந்தப் புகாரும் ஏற்கப்படாது’ என்று பில்லின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார். ஆர்.சி. என் மாமனார் பெயரில் உள்ளது. நாங்கள் என்ன செய்யலாம்? இன்ஷூரன்ஸில் கேட்கலாமா?

பதில்: நீங்கள் இழப்பீடு கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: பானெட்டுக்கு இப்போதைக்குப் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். நல்ல வழக்குகள் பல இந்த இடத்தில்தான் வீணாகின்றன. வண்டியைப் பார்க்கவே மனம் பொறுக்காமல் அவசரமாகச் சரிசெய்துவிட்டு, பிறகு பழுதுபார்த்த பில்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்கு வருகிறார்கள். சேவைக் குறைபாட்டை மெய்ப்பிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது என்பதை உச்ச நீதிமன்றம் 2021-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்களிடம் உள்ள மிக முக்கியமான சான்று அந்த ஒரு சாண் பிரைமர்தான்.

பட்டறைத் தரப்பு என்ன சொல்லும் என்பது எனக்குத் தெரிகிறது: “பெயிண்ட் முன்பே எச்சத்தால் கெட்டுப்போயிருந்தது, நாங்கள் தொட்டதால் கெடவில்லை.” இதற்கான பதில் சேதத்தின் தன்மையிலேயே இருக்கிறது. பறவை எச்சத்தின் வெள்ளைப் பகுதியில் யூரிக் அமிலம் உண்டு; வெயிலில் சூடேறி இளகும் கிளியர் கோட் (பெயிண்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சு), காய்ந்து இறுகும் எச்சத்தைச் சுற்றிச் சுருங்கி, அந்த இடத்தில் மட்டும் மங்கிப்போகிறது. எனவே எச்சத்தால் வரும் சேதம் எச்சம் விழுந்த இடத்தில், அதன் வடிவத்திலேயே இருக்கும்; விளிம்பு மடிப்பை ஒட்டி நேர்க்கோடாக ஓடாது. அப்படி ஓடுவது பாலிஷ் மெஷினின் பேட் செய்யும் வேலை. மடிப்புகளில் பெயிண்ட் பொதுவாக மெல்லியதாக இருக்கும் என்பதால், கவனமுள்ள வேலைக்காரர்கள் அங்கே டேப் ஒட்டி மறைத்துக்கொண்டுதான் மெஷினை ஓட்டுவார்கள். எச்சமே விழாத இடத்தில் பிரைமர் தெரிகிறது என்பதை உங்கள் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

இதை உறுதிப்படுத்த, தொடர்பில்லாத வேறொரு வொர்க்‌ஷாப்பில், முடிந்தால் உங்கள் கார் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில், பெயிண்ட் கனத்தை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்து, மடிப்பிலும் பானெட்டின் நடுவிலும் கதவிலும் உள்ள மைக்ரான் அளவுகளைத் தேதியோடும் கையொப்பத்தோடும் எழுதி வாங்குங்கள். 14,000 ரூபாய் எஸ்டிமேட்டிலும், எதனால் பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கிறது என்ற காரணத்தை ஒரு வரியாவது எழுதச் சொல்லுங்கள். பட்டறைக்குப் போகும் முன் போனில் எடுத்த படங்கள் இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் பட்டறைக்கு அனுப்பியிருந்தால் அந்த உரையாடலும் வேண்டும். சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகள் நுகர்வோர் ஆணையங்களைக் கட்டுப்படுத்துவதில்லை என்றாலும், பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023-இன் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுகளுக்குத் தரப்படும் சான்றிதழை இந்தப் படங்களோடு இணைத்துவிடுவது பிற்காலத் தகராறைத் தவிர்க்கும்.

பில்லின் பின்பக்க வரியைக் கண்டு தயங்க வேண்டாம். எத்தனையோ பேரைப் பேசாமல் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய வரி அது என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. வண்டியை ஒப்படைத்து, வேலையைப் பேசி முடித்த நேரத்தில் ஒப்பந்தம் உண்டாகிவிட்டது. வேலை முடிந்தபின் நீட்டப்படும் பில்லில் பட்டறை தானாகவே ஒரு புது நிபந்தனையைச் சேர்த்துவிட முடியாது. தவிர, தன் பொறுப்பில் விடப்பட்ட பொருளை, சாதாரண முன்யோசனையுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பது போலக் காக்க வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு. இதே வரி ஜாப் கார்டிலும் இருந்து, நீங்கள் கையெழுத்திட்டிருந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள், அதை வேறு விதமாக எதிர்கொள்ள வேண்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு: புகாரில் இதை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று வருணிக்க வேண்டாம். அந்த வகைப் புகார்கள் மாநில ஆணையத்துக்கு உரியவை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 2(11)-ஆம் பிரிவின் கீழ் சேவைக் குறைபாடு என்று மட்டும் எழுதினால் மாவட்ட ஆணையமே விசாரிக்கலாம்.

முதலில் ஸ்பீட் போஸ்ட்டில், ஒப்புகையோடு, பதினைந்து நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்புங்கள். பட்டறையே பெயிண்ட் அடித்துத் தர முன்வந்தால் மறுக்க வேண்டியதில்லை. பெயிண்ட் கோடு (நிறத்தின் குறியீட்டு எண்), வாரண்டிக் காலம், மெட்டாலிக் நிறமாக இருந்தால் பக்கத்து ஃபெண்டர்களோடு நிறம் பொருந்தும்படி அடிப்பது ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் புகார் பதியலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, நீங்கள் வசிக்கும் பெங்களூருவிலேயே வழக்கு நடக்கும், காலவரம்பு 2 ஆண்டுகள். பெயிண்ட் செலவு 14,000 ரூபாயையும், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் அளவான தொகையையும் கேளுங்கள். 6,500 ரூபாயையும் திருப்பிக் கேட்கலாம் என்றாலும், தடம் நீங்கிவிட்டதால் ஆணையம் இரண்டையும் சேர்த்துத் தராமல் போகக்கூடும்.

இன்ஷூரன்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். எச்சத்தால் மெல்ல வந்த மங்கலையோ பட்டறையின் கைப்பிழையையோ விபத்து என்று ஏற்கவைப்பது கடினம். ஏற்றாலும், வழக்கமான பாலிசியில் பெயிண்ட் பில்லின் கால் பகுதியைப் பொருள் செலவாகக் கொண்டு அதில் பாதியை, அதாவது 1,750 ரூபாயை, தேய்மானமாகக் கழிப்பார்கள். நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவும் (1,500 சி.சி. வரையிலான காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய்) போகும், கிளெய்ம் செய்யாததால் சேர்ந்த பிரீமியத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். கார் நிறுவனங்களின் வாரண்டியும் பொதுவாகப் பறவை எச்சச் சேதத்தை விலக்கியே வைத்திருக்கிறது.

மரக்கிளையை வெட்டிவிடலாம் என்ற எண்ணம் வீட்டில் யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976-இன்படி கிளைகளைக் கழிப்பதும் மரம் வெட்டுவதில் அடங்கும். மர அலுவலரின் அனுமதி இல்லாமல் கை வைத்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

ஆர்.சி. மாமனார் பெயரில் இருப்பது தடையல்ல. பணம் கொடுத்துச் சேவை பெற்றவரும், அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையின் பயனைப் பெறுபவரும் சட்டப்படி நுகர்வோர்தான். பில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயரில் இருந்தால் நீங்களும் அவரும் சேர்ந்து புகார்தாரர்களாகக் கையெழுத்திடுங்கள், அவர் பெயரில் இருந்தால் அவர் புகார் கொடுத்து, உங்களுக்கு அதிகாரக் கடிதம் தந்தால் போதும்.