பண்டிகைக்கு அப்புறம் வரும் தள்ளுபடியில் கை மீறாமல் வாங்குவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: வட சென்னையில் கொருக்குப்பேட்டையில் குடியிருக்கிறோம். தீபாவளி, பொங்கல் முடிந்த கையோடு எல்லா இடத்திலும் பாதி விலை என்கிறார்கள். மூவாயிரம் எடுத்துக்கொண்டு போனால் ஏழாயிரம் ஆகிறது. பேசாமல் போகாமலே இருந்துவிடலாமா?

போகலாம். நமக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பது போலவே, கடைக்காரர் எதற்காக விலையைக் குறைக்கிறார் என்றும் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போங்கள். பாதிச் செலவு அங்கேயே நின்றுவிடும். என் சித்தப்பா வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ரெடிமேட் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவர். காலேஜ் லீவில் நானும் அங்கே மூட்டை பிரித்து, விலைச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

துணி வியாபாரம் பெரும்பாலும் கடனில் ஓடுகிறது. திருப்பூர் பனியன், சூரத் புடவை, கொல்கத்தா பிள்ளைகள் உடுப்பு எல்லாம் பண்டிகைக்கு வெகு முன்னாடியே வந்து இறங்கிவிடும். பணம் பண்டிகை வியாபாரத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டும். தவணை நெருங்கும்போது கடையில் என்ன மிஞ்சியிருக்கும்? மொத்தக் கடைக்குச் சட்டை செட்டாக வரும். ஒரே டிசைனில் எம், எல், எக்ஸெல், டபுள் எக்ஸெல். கூட்டத்தில் நடு சைஸ்கள் முதலில் போய்விடும். செட் உடைந்துவிட்டால் வெளியூரிலிருந்து கொள்முதலுக்கு வரும் கடைக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்கலாம் என்றால் கோடவுன் வாடகை, எலி, மடிப்பில் விழும் பழுப்பு, அதற்குள் மாறிவிடும் டிசைன். அதனால் வாங்கின விலைக்கே, சில சமயம் அதற்கும் கீழே, தள்ளிவிடுவார்கள். இது நிஜமான தள்ளுபடி. இதற்குப் பெரிய போர்டு எல்லாம் இருக்காது. கடை வாசலில் ஒரு தார்ப்பாயை விரித்துக் குவித்து, "எது எடுத்தாலும் நூத்தம்பது" என்று ஒரு பையன் கத்திக்கொண்டிருப்பான்.

இதில் ஒரு வரிச் சங்கதியும் இருக்கிறது. குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு எடுத்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கெடு தாண்டி, மார்ச் 31-க்கும் கொடுக்காமல் இருந்தால், அந்தத் தொகையை அந்த வருடத்துச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அதாவது 2023 ஏப்ரலில் தொடங்கிய கணக்கு வருடத்திலிருந்து வந்த விதி. சித்தப்பா அந்த வருடம் முழுக்க இதையே சொல்லிப் புலம்பினார். ஆகவே பொங்கலுக்கு அப்புறம் மார்ச் கடைசி வரை பணம் புரட்டும் அவசரம் கடைக்காரருக்கு முன்னைவிட அதிகம். அவசரப்படுகிறவரிடம் பேரம் பேசுவது சுலபம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அவருக்கு எதைத் தள்ளிவிடும் அவசரம் இருக்கிறதோ அதை மட்டும் இந்த சீசனில் வாங்குங்கள். நைட்டி, லுங்கி, துண்டு, பெட்ஷீட், தலையணை உறை, உள்ளாடை, பிள்ளைகள் வீட்டில் போடும் டிராயர், சட்டை. இவற்றில் ஃபேஷன் பழசாவதில்லை, வருடம் முழுக்கத் தேவை. உடைந்த செட் என்பதால் ரொம்பச் சின்ன சைஸும் ரொம்பப் பெரிய சைஸும்தான் நிறைய கிடைக்கும். உடம்பு பெரியதாக இருந்து மற்ற நாட்களில் சைஸ் கிடைக்காமல் அலைகிறவர்களுக்கு இது நல்ல காலம். நடு சைஸ்காரர்கள் குவியலில் ஒரு மணி நேரம் துழாவிவிட்டு, இவ்வளவு நேரம் நின்றோமே என்பதற்காகவே எதையாவது எடுத்து வருவார்கள். அது வேண்டாம்.

கடைக்காரருக்கு அவசரமே இல்லாத சரக்கு ஒன்று உண்டு. பட்டுப் புடவை. தை பிறந்தால் முகூர்த்தம் ஆரம்பித்துவிடும். கல்யாண வீட்டுக்காரர்கள் எப்படியும் வாங்கத்தான் போகிறார்கள். பிறகு எதற்கு அவர் விலையைக் குறைக்கப் போகிறார்? பொங்கலுக்கு அப்புறம் பட்டுக்குப் பாதி விலை என்று போர்டு பார்த்தால் நான் உள்ளேயே போவதில்லை. கல்யாணம் இல்லாத ஆடியில் கேட்டால் அதே ஆள் இறங்கி வருவார். எவர்சில்வர் பாத்திரத்தைப் பாரிமுனை, சௌகார்பேட்டைப் பக்கம் எடைக்குத் தருகிறார்கள். கிலோ என்ன விலை என்று இரண்டு கடையில் கேட்டாலே பண்டிகைத் தள்ளுபடி எவ்வளவு என்பது தெரிந்துவிடும். தங்கத்தில் அன்றைய விலை அன்றைய விலைதான். சேதாரத்திலும் செய்கூலியிலும்தான் அவர்கள் விளையாட முடியும்; அதை மட்டும் கேட்டு ஒப்பிடுங்கள்.

ஏசி விஷயம் தனி. பனி கொட்டும் தை மாதத்தில் ஏசியை யாரும் நினைப்பதில்லை. வெயில் ஏறுவதற்கு முன்னால் வாங்கினால் விலையும் படியும், மாட்டித்தர ஆளும் உடனே வருவார். ஆனால் நட்சத்திர லேபிளில் எந்தக் காலத்துக்கு உரியது என்று போட்டிருக்கும், அதைப் படியுங்கள். 2022 ஜூலையில் ஏசிக்கான அளவுகோலை உயர்த்தியபோது, அதுவரை ஐந்து நட்சத்திரமாக இருந்தது நான்காக இறங்கியது. பழைய ஸ்டாக்கைப் பழைய நட்சத்திரத்தோடு காட்டினால், அதற்கேற்ப விலை குறைய வேண்டும் என்று கேட்பது நியாயம். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும் பெரிய டிவிக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரியோடு 40,000 ரூபாய்க்கு விற்ற ஏசியில் இதனால் மட்டும் 3,125 ரூபாய் குறைய வேண்டும். பழைய எம்.ஆர்.பி.யைக் காட்டி "எட்டு பர்சென்ட் ஆஃபர்" என்றால், அவர் தருவது கவர்மென்ட் குறைத்த வரியை. அதற்கு மேல் என்ன என்று கேளுங்கள்.

போர்டுக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. 50 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்றால் 70 இல்லை, 60. ஆயிரம் ரூபாய்ச் சட்டை ஐநூறாகி, அந்த ஐநூறில் நூறு குறைந்து நானூறுக்கு வருகிறது. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. அதுவும் மூன்று சட்டை தேவைப்படுகிறவருக்கு மட்டும். எம்.ஆர்.பி. என்றாலே எல்லா வரியும் உள்ளடங்கியது. அதில் தள்ளுபடி கொடுத்துவிட்டு, பில்லில் மறுபடி வரியைத் தனியாக ஏற்றுவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையமே 2017-ல் சொல்லிவிட்டது. பில் போடுவதற்கு முன் "வரி சேர்த்து எவ்வளவு தம்பி?" என்று கேட்டுவிடுங்கள்.

கடைக்குப் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. என் அண்ணி இதில் கெட்டிக்காரி. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், வருடம் பூராவும் "இது இல்லையே" என்று தோன்றும்போதெல்லாம் எழுதி ஒரு டப்பாவில் போட்டுவிடுவார். கிழிந்த தலையணை உறை, பெரியவனுக்கு யூனிஃபார்ம் உள்ளே போடும் பனியன், மாமியாருக்கு காட்டன் புடவை என்று. பக்கத்திலேயே அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்றும் எழுதியிருக்கும். அது போர்டைப் பார்ப்பதற்கு முன் எழுதின விலை. விசேஷமே அதில்தான் இருக்கிறது. கடையில் 899-ஐ அடித்துவிட்டு 399 என்று போட்டிருந்தாலும், தாளில் 250 என்று இருந்தால் அண்ணிக்கு அது 149 ரூபாய் அதிகம். ஐநூறு ரூபாய் லாபம் என்று அவர் பார்ப்பதே இல்லை. பிள்ளைகளின் இடுப்பு, தோள் அளவுக்கு நூலில் முடிச்சுப் போட்டுப் பர்ஸில் வைத்திருப்பார். குவியலில் டிரையல் ரூம் ஏது?

பணத்தை நோட்டாக எடுத்துப் போவது நல்லது. ஸ்கேன் செய்து கொடுத்தால் கை வலிக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நோட்டு சரிப்படாது என்றால், சும்மா கிடக்கும் இன்னொரு பேங்க் அக்கவுன்டில் அன்றைய தொகையை மட்டும் போட்டு, போனில் அதை மட்டும் இணைத்துக்கொண்டு போங்கள். ஆட்டோவுக்கும் டீக்கும் தனியாக. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து திருவொற்றியூர்க்காரர்களும் சுலபமாக வண்ணாரப்பேட்டையில் வந்து இறங்கிவிடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை எம்.சி. ரோட்டில் கால் வைக்க முடியாது. கூட்டத்தில் பேரமும் நடக்காது, தையலைப் பார்க்கவும் முடியாது. வார நாளில் காலையில் கடை திறந்த நேரத்துக்குப் போங்கள். "போணி நேரம்ணா, பார்த்துச் சொல்லு" என்றால் முதல் ஆளைத் திருப்பி அனுப்ப மனசு வராது. "கட்டுப்படியாகாதும்மா" என்பார். மெதுவாக நகருங்கள். கட்டுப்படி ஆகிறதா இல்லையா என்பது நாலடி தாண்டுவதற்குள் தெரிந்துவிடும்.

குவியலில் எடுத்த துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். அக்குள், கவட்டை, காலர் ஓரம், ஜிப் அடி எங்காவது நூல் விட்டிருக்கிறதா, மெஷின் எண்ணெய்க் கறை இருக்கிறதா. செகண்ட்ஸ், அதாவது சின்னப் பழுதுள்ள சரக்கு, என்று சொல்லியே விற்கிறவர் யோக்கியர். சொல்லாமல் கலந்து வைக்கிறவர்களும் உண்டு. அடர் சிவப்பு, நீலம் என்றால் ஈரக் கர்ச்சீஃபால் உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள், சாயம் போவது அங்கேயே தெரியும்.

ஆன்லைன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "இன்னும் 2 மட்டுமே", "பத்து நிமிடத்தில் முடிகிறது" என்று பொய்யாக அவசரப்படுத்துவதையும், கேட்காத இன்ஷூரன்ஸைக் கூடையில் நைசாகப் போடுவதையும் 2023 நவம்பரில் மத்திய அரசு விதி போட்டுத் தடுத்திருக்கிறது. ஆனாலும் நடக்கிறது. கூடையில் போட்டதை ராத்திரி அப்படியே விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். பாதிக்கு மேல் வேண்டாம் என்று தோன்றும்.

வட்டியில்லாத் தவணை என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 24,000 ரூபாய் போனை ஆறு மாதத் தவணையில், பேங்க் 15 சதவீத வட்டிக்கு எடுக்கிறோம் என்று வையுங்கள். வட்டி ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே. அந்த வட்டியைக் கடை முன்கூட்டியே கழித்துவிடும், சரி. ஆனால் வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அது நம் தலையில். அப்புறம் இருநூறு ரூபாய்ப் பக்கம் பிராசஸிங் கட்டணம், அதற்கும் வரி. கூட்டினால் நானூறைத் தாண்டும். ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கக்கூடிய குறைப்பும் போய்விடும். தாங்க முடிகிற தொகைதான். ஆபத்து கிரெடிட் கார்டில் மினிமம் மட்டும் கட்டுவதில். மாதத்துக்கு மூன்று, மூன்றரை சதவீத வட்டி என்பது வருடத்துக்கு நாற்பதை ஒட்டி வரும். அடுத்து வாங்கும் பால் பாக்கெட்டுக்குக்கூட வட்டியில்லா நாட்கள் கிடையாது. போனஸ் வந்ததும் முதலில் இந்தப் பாக்கியை அடைத்துவிட்டு, மிச்சத்துக்கு சேலுக்குப் போங்கள். இதைவிடப் பெரிய தள்ளுபடியை எந்தக் கடையும் தரப்போவதில்லை.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று கல்லா மேலே எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிடிக்கவில்லை, கலர் மாற்ற வேண்டும் என்பதற்கு அது செல்லும். பழுதான பொருளுக்குச் செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும். முதலில் பில்லோடு போய்ப் பக்குவமாகக் கேளுங்கள். நம்ம ஊர்க் கடைகளில் பெரும்பாலும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மசியாவிட்டால் 1915-க்குப் போன் செய்து புகார் பதியலாம். பிளாட்ஃபாரத்தில் பில் கிடையாது. அங்கே கிழிந்தாலும் வருத்தப்படாத விலைக்கு மட்டும் வாங்குங்கள்.

மற்றவை சில்லறை. கிறிஸ்துமஸ் முடிந்து ராயபுரம், பெரம்பூர் பக்கம் பேப்பர் ஸ்டாரும் சீரியல் லைட்டும் மலிந்து கிடக்கும். வைக்க இடம் இருந்தால் அடுத்த டிசம்பருக்கு எடுத்து வைக்கலாம், அவை கெடாது. தீபாவளிக்கு மறுவாரம் பாதி விலைக்கு வரும் ஸ்வீட் பெட்டி வேண்டாம். பால் சேர்ந்ததென்றால் நிச்சயம் வேண்டாம். மிஞ்சிய பட்டாசை மலிவு என்று வாங்கிப் பரணில் ஏற்றாதீர்கள். நம் பக்கத்து வீடுகளில் பரணுக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.