ஐ-20 தாளில் இருக்கும் ஆறு இலக்க எண்ணைப் பார்த்தாயா, தங்கச்சி?

முத்தியால்பேட்டையிலிருந்து எழுதியிருக்கிறாய். பிபிடி (பிசியோதெரபி பட்டம்) முடித்துவிட்டு புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருக்கிறாய். அமெரிக்காவில் எம்எச்ஏ (ஆஸ்பத்திரி நிர்வாக மாஸ்டர்ஸ்) படிக்க இரண்டு இடத்தில் அட்மிட் வந்திருக்கிறது. எதை எடுப்பது, குளிர் தாங்குமா, குக்கர் கொண்டுவரலாமா, பார்ட் டைம் வேலையில் செலவு ஓடுமா, முடித்ததும் ஆஸ்பத்திரியில் மேனேஜர் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாய். குளிருக்கான கோட் இங்கே அமெரிக்கா வந்து வாங்கிக்கொள், நம் ஊரில் விற்கும் ஸ்வெட்டர் உதவாது. குக்கர் கொண்டுவா, கூடவே இரண்டு கேஸ்கட். பார்ட் டைம் வேலை வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான், அதுவும் கல்லூரி வளாகத்துக்குள். மளிகைக்கும் வாடகையில் ஒரு பங்குக்கும் வரும், ஃபீஸுக்கு வராது. மற்றபடி நீ கேட்டதில் கடைசிக் கேள்விதான் கேள்வி. நான் திருப்பாதிரிப்புலியூர்க்காரி, பி.பார்ம் முடித்து 2011-இல் இதே படிப்புக்கு ஒஹாயோ வந்தவள். அதனால் இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

அப்பா வீட்டுப் பத்திரத்தை பாங்கில் வைக்கப் போகிறார் என்று எழுதியிருக்கிறாயே, அவர் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைப் பார்த்துவிடு. மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 தாளில் உன் படிப்பின் பெயரோடு ஆறு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். படிப்பின் வகையைக் குறிக்கும் அந்த எண்ணை சிஐபி கோட் என்பார்கள். எம்எச்ஏ-வுக்குப் பெரும்பாலும் 51.0701. இந்த எண் அமெரிக்க அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை. அதனால் படிப்பு முடிந்தபின் வேலை பார்க்க உனக்குக் கிடைக்கும் ஓபிடி என்ற அனுமதி 12 மாதம்தான். கம்ப்யூட்டர் படிக்கும் உன் ஃபிரெண்டுக்கு அதற்கு மேல் இன்னும் 24 மாதம் உண்டு, உனக்குக் கிடையாது. அந்த 12 மாதத்திலும் வேலையில்லாமல் இருக்கும் நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. அதன்பின் வேலை கொடுப்பவர் ஸ்பான்சர் செய்யும் எச்-1பி வேலை விசாவுக்கு வருஷத்துக்கு 85,000 இடம், அதில் 20,000 இங்கே மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கு. லாபத்துக்கு நடத்தும் கல்லூரியில் வாங்கிய மாஸ்டர்ஸ் அந்த 20,000-க்குள் வராது என்பதையும் மனதில் வை. பதிவு மார்ச் மாதம் நடக்கும், இடத்தைவிட ஆள் அதிகமானால் குலுக்கல். மே மாதம் பட்டம் வாங்கி அதன்பின் வேலைக்குச் சேர்கிறவளுக்கு ஓபிடி முடிவதற்குள் ஒரே ஒரு மார்ச்தான் வரும்.

எனக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்த கன்சல்டன்சிக்காரர், படித்து முடித்தால் 29 மாதம் வேலை பார்க்கலாம் என்று அப்பாவிடம் அடித்துச் சொன்னார். அன்றைய விதிப்படி 12 மாதமும் கூடுதலாக 17 மாதமும் சேர்ந்தால் 29 வரும்தான், ஆனால் அது ஸ்டெம் படிப்புக்கு. ஓரியன்டேஷன் அன்று கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இருந்த ஒரு பெண் அதிகாரி என் ஐ-20-ஐ மேசைமேல் விரித்து, பேனா முனையால் அந்த எண்ணைத் தொட்டுக் காட்டி, "உனக்குப் பன்னிரண்டுதான்" என்றார். அந்த கன்சல்டன்சிக்காரர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கல்லூரி கொடுக்கும் கமிஷனுக்காக ஒரு குடும்பத்தின் பத்திரத்தை அடகுக்கு அனுப்புகிறவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

சரி, வழி இல்லையா என்றால் இருக்கிறது. ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் படிப்புகள் பல இடங்களில் ஸ்டெம் பட்டியலுக்குள் வருகின்றன. சில பல்கலைக்கழகங்களில் எம்எச்ஏ-வையே டேட்டா பக்கம் சாய்த்து வேறு சிஐபி கோட் எண்ணில் வைத்திருக்கிறார்கள். உன் இரண்டு அட்மிட்டில் ஒன்று அப்படி இருந்தால், ரேங்கிங் எல்லாம் பார்க்காமல் அதை எடு. ஆனால் எண்ணுக்காக மட்டும் பிடிக்காத படிப்பில் போய் உட்காராதே. டேட்டாவுக்கான கம்ப்யூட்டர் மொழி எஸ்கியூஎல்லைப் பார்த்தாலே தலைவலி வரும் பெண்ணுக்கு இரண்டு வருஷம் தாங்காது.

அடுத்தது அங்கீகாரம். ஹெல்த்கேர் மேனேஜ்மென்ட் மாஸ்டர்ஸ் படிப்புக்கென்று இங்கே சிஏஎச்எம்இ என்ற அமைப்பு இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது, இந்தப் படிப்புக்குத் தனியாக இருக்கிறதா என்று பார். பெரிய ஆஸ்பத்திரிகளில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஃபெல்லோஷிப் என்று ஒன்றோ இரண்டோ வருஷப் பயிற்சி வேலை கொடுப்பார்கள். நிர்வாக இயக்குநர் அறையில் உட்கார்ந்து போர்டு மீட்டிங் வரை பார்க்கலாம். மேனேஜர் நாற்காலிக்கு அதுதான் நேர்வழி. அதில் பல இடங்கள் சிஏஎச்எம்இ அங்கீகாரம் உள்ள படிப்பைத்தான் கேட்கும்.

அந்த ஃபெல்லோஷிப்புக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் தெரியுமா? பட்டம் வாங்கும் வருஷம் இல்லை, அதற்கு முந்தைய கோடையில் திறந்து செப்டம்பர், அக்டோபரில் மூடிவிடுவார்கள். இரண்டு வருஷப் படிப்பு என்றால், நீ வந்து ஒரு வருஷம் முடியும்போதே ரெஸ்யூமே தயாராக இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் "முதலில் படிப்பை முடிப்போம், அப்புறம் வேலை தேடுவோம்" என்று இருந்து இதைக் கோட்டை விடுகிறார்கள். பல ஃபெல்லோஷிப் அறிவிப்புகளின் அடியில், இப்போதோ பின்னரோ விசா ஸ்பான்சர் செய்ய மாட்டோம் என்ற வரி இருக்கும். அதை முதலில் படி. இருந்தால் அடுத்த அறிவிப்புக்குப் போ, அழுதுகொண்டு உட்காராதே.

நான் தப்பித்த வழி இன்னொன்று. பல்கலைக்கழகங்களும், அவற்றோடு இணைந்த லாபநோக்கற்ற ஆஸ்பத்திரிகளும் எச்-1பி குலுக்கலுக்குள் வராது. வருஷத்தில் எந்த மாதமும் மனுப் போடலாம். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. ஆக, நீ வேலை தேடும்போது கண் இருக்க வேண்டியது அந்த ஆஸ்பத்திரிகள் மேல். பெரிய பெயருள்ள இன்சூரன்ஸ் கம்பெனி மேல் இல்லை. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று வேறு அறிவித்தார்கள். விதி மாறிக்கொண்டே இருக்கும் காலம் இது. வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாமல் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேள்.

யாரிடம் யோசனை கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே நம் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் சாஃப்ட்வேர்காரர்கள். நல்லவர்கள், ஏர்போர்ட்டுக்கு வந்து அழைத்துப் போவார்கள், முதல் வாரம் சோறு போடுவார்கள். ஆனால் அவர்கள் வந்த பாதை வேறு. "வந்துடு, எல்லாம் தானா செட் ஆயிடும்" என்பார்கள். உன் துறையில் தானாக எதுவும் செட் ஆகாது. அவர்களிலேயே சிலர், ஓபிடி தீர்ந்தால் முதல் நாளிலிருந்தே சிபிடி (படிக்கும்போதே வெளியில் வேலை பார்க்கும் அனுமதி) கொடுக்கும் கல்லூரியில் இன்னொரு மாஸ்டர்ஸ் சேர்ந்துகொள் என்பார்கள். அந்தப் பக்கமே போகாதே. பின்னால் விசா மாற்றும்போதும் கிரீன் கார்டுக்குப் போடும்போதும் அதைத் தோண்டிக் கேட்கிறார்கள். முதல் படிப்பிலேயே முழுநேர சிபிடி 12 மாதம் எடுத்தாலும் ஓபிடி போய்விடும். அப்புறம் இன்னொரு வகையினர் உண்டு: பொங்கல் விழாவில் எந்தக் கம்பெனி என்று கேட்டு, மாணவி என்று தெரிந்ததும் நகர்ந்துவிடுவார்கள். அவர்களை நினைத்து வருத்தப்படாதே, உனக்கு ஆக வேண்டியது எதுவும் அவர்களிடம் இல்லை.

இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்க்கும் உன் டெஸ்க் வேலையைச் "சும்மா டிபிஏ வேலைதான்" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது பிடிக்கவில்லை. ப்ரீ-ஆத் (சிகிச்சைக்கு முன் அனுமதி) அனுப்புவது, இன்சூரன்ஸ்காரர்களின் க்வெரிக்குப் பதில் எழுதுவது, அப்ரூவல் வரும்வரை டிஸ்சார்ஜுக்குக் காத்திருக்கும் குடும்பத்தைச் சமாளிப்பது, இது மூன்றும் தெரிந்தவளுக்கு இங்கே பாதி வேலை தெரியும். ரெவின்யூ சைக்கிள் என்று இங்கே சொல்வது இதைத்தான். எங்கள் துறையில் காலையில் வந்ததும் திறப்பது கிளெய்ம் டினையல், அதாவது இன்சூரன்ஸ் மறுத்த பில்களின் பட்டியல். ஆப்பரேஷன் நடந்தது ஒரு கோட், முன் அனுமதி வாங்கியது வேறு கோட் என்று இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தை நிறுத்தியிருக்கும். டாக்டரின் குறிப்பை வரி வரியாகப் படித்து, ஏன் கடைசி நிமிஷத்தில் மாறியது என்று காட்டி மேல்முறையீடு எழுத வேண்டும். வகுப்பில் 1965-இல் வந்த, முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர் சட்டம், 1983 முதல் நோய்வாரியாக ஒரே தொகை கொடுக்கும் டிஆர்ஜி முறை எல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள். கவுன்டரில் உட்கார்ந்தவளுக்குத்தான் அது ரத்தத்தில் ஏறும்.

எனக்கு ஏறியது ஒரு முதியவரின் மகள் பில்லோடு வந்து நின்ற அன்று. அந்த முதியவர் மூன்று ராத்திரி வார்டு கட்டிலில் படுத்திருந்தார், ட்ரிப்ஸ் ஏறியது, நர்ஸ் பார்த்தார்கள். பிறகு மறுவாழ்வுப் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஆன செலவை மெடிகேர் தரவில்லை. ஏனென்றால் டாக்டர் உத்தரவில் "அப்சர்வேஷன்" என்று இருந்தது, அதாவது கணக்கில் அவர் வெளிநோயாளி. மூன்று நாள் உள்நோயாளியாக இருந்தால்தான் அந்த இல்லத்துக்குப் பணம் உண்டு. "அதே கட்டில்தானே?" என்று அந்தப் பெண் கேட்டாள். 2017-இலிருந்து 24 மணி நேரத்துக்கு மேல் அப்சர்வேஷனில் இருக்கும் மெடிகேர் நோயாளியிடம் அதை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். அப்போது அந்த விதி இல்லை. மேனேஜர் என்றால் ஏசி அறையும் கோட்டும் என்று நினைத்து வருகிறவர்கள் இந்தக் கேள்விக்கு முன்னால் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும்.

என் முதல் குளிர்காலம் அப்படியொன்றும் சுலபமாக இல்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. இங்கே கல்லூரி விடுமுறை, அறையில் நான் மட்டும். வீட்டுக்குப் போன் போகவே இல்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடக்கும் படங்களைத்தான் இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சிதம்பரத்தில் இருந்த சித்தப்பா மூலம் அம்மா நன்றாக இருக்கிறாள் என்ற செய்தி வந்தது. அந்த விடுமுறையில்தான் மாணவர் சுகாதார மையத்தின் பில்லிங் கவுன்டரில் வேலை கேட்டு வாங்கினேன். கை சும்மா இருந்தால் பயம் அதிகமாகும் என்று தோன்றியது. எனக்கு இங்கே வேர் பிடித்தது அந்தக் கவுன்டரில்தான். போனில் என் உச்சரிப்பு புரியாதவர்களிடம் நிதானமாக, எழுத்துக்கூட்டிப் பேசப் பழகினேன். மீட்டிங்கில் டைரக்டர் சொன்னதை "இது சரிவராது, காரணம் இது" என்று முகம் பார்த்துச் சொல்லவும் பழகினேன். நம் ஊரில் அதைத் திமிர் என்பார்கள், இங்கே அதை எதிர்பார்க்கிறார்கள்.

அம்மாவுக்கு சர்க்கரை. நான் சின்னவளாக இருந்தபோது விடியற்காலைப் பஸ்ஸில் கடலூரிலிருந்து ஜிப்மர் போவோம். கையில் ஓபி சீட்டும் தூக்குச்சட்டியில் இட்லியும். வரிசை நீளம்தான், ஆனால் பணம் இல்லை என்று அம்மாவை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளி அது என்பது பெரியவளான பிறகுதான் தெரிந்தது. இங்கே ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துக் கைநடுங்கும் மனிதர்களைப் பார்க்கும்போது அந்த வரிசை ஞாபகம் வரும். இங்கேயும் லாபநோக்கற்ற ஆஸ்பத்திரிகள் ஏழைகளுக்கு உதவித் திட்டம் வைத்தே ஆக வேண்டும், முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். பாதிப் பேருக்கு இது தெரியாது. என் கவுன்டர் ஆட்கள் பில்லைக் கொடுக்கும் முன் அந்தப் படிவத்தைக் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன், அதில் எனக்குப் பெருமை உண்டு.

இரண்டில் எதை எடுப்பது என்றாயே. இரண்டு படிப்பின் டைரக்டருக்கும் ஒரே மெயிலை அனுப்பு. சிஐபி கோட் என்ன, சிஏஎச்எம்இ அங்கீகாரம் எந்த வருஷம் வரை, நடுவில் வரும் கோடையில் ஆஸ்பத்திரி இன்டர்ன்ஷிப் அவர்களே ஏற்பாடு செய்வார்களா நீ தேட வேண்டுமா, கடந்த மூன்று வருஷத்தில் எஃப்-1 மாணவர் விசாவில் வந்து முடித்தவர்கள் இப்போது எந்த ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள் என்று கேள். கடைசிக் கேள்விக்கு ஊர் பெயரோடு பதில் தருகிற இடத்தைப் பிடித்துக்கொள். பதில் வந்ததும் எனக்கும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அதுவரை டெஸ்க் வேலையை விடாதே. மறுக்கப்பட்ட கிளெய்ம்களில் எதை என்ன எழுதி மீட்டாய், எத்தனை நாள் ஆயிற்று என்று நோயாளி பெயர் இல்லாமல் ஒரு நோட்டில் குறித்து வை. ஃபெல்லோஷிப் இன்டர்வியூவில் அதைத்தான் கேட்பார்கள்.