நோர்வேயில் நிலவறையோடு வீடு வாங்கினால், மழைவெள்ளச் சேதத்தைக் காப்புறுதி முழுதாகத் தருமா?

ஒஸ்லோப் பக்கம் நிலவறை உள்ள பழைய வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், இப்போது மழை கொட்டுகிற விதத்தைப் பார்த்துப் பயமாக இருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். முதல் வீடாக இருக்கும் என்று நினைக்கிறேன். வங்கிக் கடிதமும் கைக்கு வந்திருக்கும், சொந்தக்காரர் நாலு பேர் "நோர்வேதானே, எல்லாம் தருவான்" என்றும் சொல்லியிருப்பார்கள்.

எல்லாம் தரமாட்டான். தண்ணீர் எந்த வழியால் உள்ளே வந்தது என்பதைப் பொறுத்துத்தான் தருவான்.

ஆறோ ஓடையோ கரை மீறி வந்தால் அது இயற்கைச் சேதம். புயல், மண்சரிவு, கடல் பெருக்கு, நில நடுக்கமும் அந்தக் கணக்கில்தான். நீங்கள் எடுக்கும் தீக் காப்புறுதிக்குள்ளேயே சட்டப்படி இது அடக்கம். நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து 1980 முதல் நடத்தும் நத்தூர்ஸ்காடெபூல் என்ற கூட்டமைப்பு வழியாக அந்தச் செலவைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மலை உச்சியில் இருப்பவரும் ஆற்றங்கரையில் இருப்பவரும் இதற்கு ஒரே வீதத்தில்தான் கட்டுகிறார்கள். இதை நான் நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். 2023 ஓகஸ்டில் 'ஹான்ஸ்' என்ற கடும் மழைப்புயல் வந்தபோது குளொம்மா ஆற்றில் பிராஸ்கெரைட்ஃபொஸ் அணையே உடைந்தது. அப்படியான நேரத்தில் வீடு இழந்தவர் தனியே நின்று வாதாட வேண்டியதில்லை.

ஆனால் ஒஸ்லோவின் சாதாரண வீடுகளுக்கு வரும் தொல்லை அதிகமாக ஆற்றிலிருந்து வருவதில்லை. அரை மணி நேரம் கொட்டும் மழையைத் தாங்க முடியாமல் தெருக் குழாய் நிரம்பி, கழிவு நீர் பின்னோக்கி வந்து, நிலவறைத் தரையில் இருக்கும் வடிகால் துளையால் மேலே பொங்கும். அது இயற்கைச் சேதக் கணக்கில் வராது. சாதாரணத் தண்ணீர்ச் சேதம், உங்கள் நிறுவனத்தோடு நீங்கள் செய்த ஒப்பந்தத்தின்படி.

எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். குரூருட்டாலன் பக்கம், 60களில் கட்டிய வீடு. ஒரு கோடை மாலை மழை. நாங்கள் மேலே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், கீழே நாற்றம் வந்த பிறகுதான் இறங்கிப் பார்த்தோம். முழங்கால் அளவுக்குத் தண்ணீர். அதில் என்ன தண்ணீர் கலந்திருந்தது என்று எழுத வேண்டாம். நிலவறையில் வைக்கும் பொருள் தரையிலிருந்து 10 சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும் என்று எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது. எங்களுடையவை எல்லாம் அதைவிட உயரமான தட்டுகளில்தான் இருந்தன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதைப் படித்துவிட்டு யாராவது "விதியைப் படித்திருந்தால் வந்திருக்காது" என்று எழுதுவார். படித்திருந்தேன் ஐயா.

மதிப்பீட்டாளர் வந்தார், நல்ல மனிதர், காலணிக்கு நீல உறை எல்லாம் போட்டுக்கொண்டுதான் இறங்கினார். மகளின் சாமத்தியவீட்டு அல்பங்களைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு கணினியைத் திறந்து மனைவியின் கூறைச்சேலையை 'உடுப்பு' என்ற வரிசையில் போட்டார். உடுப்புக்கு ஒவ்வொரு வருடமும் வயதுக் கழிவு உண்டு. எங்களுக்குக் கல்யாணமாகி எவ்வளவு காலம் என்று கேட்டு அதன்படி கழித்தார். மிச்சம் வந்த தொகைக்கு இங்கே ஒரு பீட்சாகூட ஒழுங்காக வாங்க முடியாது. மனைவி இன்றைக்கும் அந்த நிறுவனத்தின் விளம்பரம் வந்தால் தொலைக்காட்சியை அணைத்துவிடுவாள்.

சுவர், தரை திருத்திய செலவைத் தந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஏகனாண்டெல், அதாவது நம் கையிலிருந்து போகிற பகுதி போக மீதி வந்தது. ஆனால் அடுத்த புதுப்பிப்பில் கட்டணம் ஏறியது. கூடவே, பின்னோக்கி வரும் நீரைத் தடுக்கும் வால்வைச் சொந்தச் செலவில் பூட்டாவிட்டால் ஏகனாண்டெலும் ஏறும் என்று ஒரு கடிதம். அதே மழையில் தெருவின் கீழ் முனையில் ஓடை பெருகிச் சேதமான வீட்டுக்காரர் இயற்கைச் சேதக் கணக்கில் போனார். நாடு முழுக்க ஒரே வீதம் என்பதால் இயற்கைச் சேதத்துக்கு அவர் கட்டும் பங்கு அவருக்காக மட்டும் ஏறவில்லை. ஒரே மேகம்தான், அவருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம்.

தெருக் குழாய் சிறியதாக இருந்ததற்கு கொம்யூன், அதாவது உள்ளூராட்சி, பொறுப்பில்லையா என்றால், சட்டத்தில் இருக்கிறது. கழிவுநீர்க் குழாயின் கொள்ளளவு போதாமல் வரும் சேதத்துக்கு, தவறு செய்தாரா இல்லையா என்று பாராமலே அதன் சொந்தக்காரர் பொறுப்பு. காப்புறுதி நிறுவனம் உங்களுக்குத் தந்ததைப் பிறகு கொம்யூனிடம் கேட்கலாம். அது அவர்களுக்குள் நடக்கும் விவகாரம், என் சேலைக் கணக்கு அதில் இல்லை. புதிய குழாய் போடும்போது, காலநிலை மாறுவதால், குறுகிய நேர மழையின் அளவை 40 சதவீதமாவது கூட்டிக் கணக்கிடச் சொல்கிறார்கள். சரி, எங்கள் தெருவுக்கு அடியில் கிடப்பது பழைய குழாய். அதற்கு யார் கணக்குப் போடுவது?

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. எங்கள் பகுதியில் வசந்தத்தில் டூக்னாட் நடக்கும். எல்லோரும் கூடி இலை அள்ளி, வடிகால் மூடி துப்புரவாக்குவது. முதுகு வலி என்று ஒவ்வொரு முறையும் வராமல் இருக்கும் ஒருவர் ஈஸ்டர் முழுக்க மலையில் ஸ்கீ ஓட்டுகிறார். வெள்ளம் வந்த அன்று முதலில் கொம்யூனைத் திட்டியவரும் அவர்தான்.

நோர்வேயைக் குறை சொல்கிறேன் என்று எடுக்காதீர்கள். டென்மார்க்கில் இருக்கும் என் மச்சான் 2011 யூலை 2 கொப்பன்ஹேகன் மழையைப் பார்த்தவர். காப்புறுதிக்காரர்களுக்கு 600 கோடி குரோனருக்கு மேல் செலவு வைத்த மழை அது. அடுத்த வருடமே அந்த நகரம் பெருமழைத் திட்டம் ஒன்று போட்டு, தெருவையும் பூங்காவையும் தண்ணீர் தேங்கி நிற்கத் தோண்டத் தொடங்கியது. அங்கே கடல் பெருகி வந்தால் காப்புறுதி நிறுவனம் அல்ல, தனி அரச ஏற்பாடுதான் பார்க்கிறது. ஆக, வழி பார்த்துப் பிரிப்பது அங்கேயும் உண்டு.

உங்களுக்கு வருகிறேன். 2022 முதல் விற்பவர் தரும் நிலை அறிக்கைக்கு விதி கடுமையாகிவிட்டது. அதில் நிலவறை ஈரம், வீட்டைச் சுற்றியுள்ள வடிகாலின் வயது இரண்டையும் முதலில் பாருங்கள். 10,000 குரோனர் வரையான குறையை வாங்குபவரே தாங்க வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள். வெள்ளம், களிமண் சரிவு வரைபடங்களை என்விஇ என்ற அரச நீர்வள, எரிசக்தித் துறையின் இணையத்தில் சும்மாவே பார்க்கலாம். 2020 இறுதியில் ஒஸ்லோவுக்கு வடக்கே யெர்ட்ரூமில் களிமண் சரிந்து வீடுகளை விழுங்கியதற்குப் பிறகு களிமண்ணைப் பார்க்காமல் அந்தப் பக்கம் யாரும் வாங்குவதில்லை. வால்வு இருக்கிறதா, முன்பு தண்ணீர் வந்ததா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

காப்புறுதிக் கட்டணம் ஏறுமா என்றால், ஏறும். காப்புறுதியில் வேலை செய்யும் நம்மவர் யாராவது வந்து "எங்கள் நிறுவனத்தில் அப்படி இல்லை" என்பார். இருக்கலாம். அவரிடமே தண்ணீர்ச் சேதம் பற்றிய பக்கத்தை அனுப்பச் சொல்லி, உடுப்புக்கு வயதுக் கழிவு எவ்வளவு என்றும் கேட்டுவையுங்கள்.