லைவ் டீலர் ரூலெட்டில் ஜெயித்த பணத்தைச் சிக்கலில்லாமல் எடுப்பது எப்படி?

லைவ் டீலர் ரூலெட் என்றால், உண்மையான ஆள் ரூலெட் சக்கரத்தைச் சுழற்றுவதை இணையதளத்தில் நேரலையாகப் பார்த்துப் பந்தயம் கட்டும் ஆட்டம். டர்பனில் இருந்து ஆடும் நீங்கள் கேட்டதற்கு என் பதில்: பணம் போடும் முன்பே உரிமத்தைப் பாருங்கள். மாகாணச் சூதாட்ட வாரியத்தின் உரிமம் இல்லாத வெளிநாட்டுத் தளம் என்றால் வேண்டவே வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் 2004-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டப்படி, சட்டவிரோதமாக ஆடி ஜெயித்த பணம் அரசுக்குப் போய்விடலாம்.

அப்புறம் பெயர். என் மச்சானின் அடையாள அட்டையில் ‘பிள்ளே’ (Pillay). அவசரத்தில் ‘பிள்ளை’ (Pillai) என்று கணக்குத் திறந்துவிட்டார். அந்த ஓர் எழுத்தால் பணம் வாரக்கணக்கில் நின்றது, பாவம். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, தளம் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கட்டும். மனைவியின் கார்டில் பணம் கட்டாதீர்கள். ஆவணங்களை முதல் நாளே அனுப்பிவிடுங்கள்.

போனஸா? நிபந்தனையைப் படிக்காமல் வாங்காதீர்கள். பணத்தை எடுக்கும் முன் இவ்வளவு தொகைக்கு ஆடியிருக்க வேண்டும் என்று அதில் இருக்கும்; பல தளங்களில் லைவ் டீலர் ஆட்டம் அந்தக் கணக்கில் சேராது.