48 முட்டை வைத்து 19 குஞ்சுதான் பொரித்தது: குறை பெட்டியிலா, முட்டையிலா?

கேள்வி: கரூர் மாவட்டம் அரவக்குறிச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி இனத்தில் 14 பெட்டைகளும் ஒரு சேவலும் உள்ளன. தெர்மாகோல் பெட்டியில் இரண்டு பல்பு, சிறிய மின்விசிறி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி ஆகியவற்றைப் பொருத்திச் சித்திரையில் 48 முட்டைகள் வைத்தேன். சமையலறை அலமாரியில் 15 நாட்கள் வரை சேர்த்த முட்டைகள் அவை. ஈரத்துணியால் துடைத்துத்தான் வைத்தேன். 20-ஆம் நாள் தொடங்கி 23-ஆம் நாள் வரை 19 குஞ்சுகள் வந்தன. மீதி 29 முட்டைகளை உடைத்துப் பார்த்ததில் 11 வெறும் முட்டை. 6-இல் இரத்த வளையம். 12-இல் முழுதாக வளர்ந்த குஞ்சு இறந்திருந்தது. அந்த 12-இல் 5 ஓட்டைக் கொத்திய பிறகு நின்றுபோனவை. அவற்றில் இரண்டை நானே உரித்தேன், இரத்தம் கசிந்து இறந்துவிட்டன. பொரிக்கும் நாட்களில் அடிக்கடி திறந்து தண்ணீர் தெளித்தேன். பெட்டியை மாற்ற வேண்டுமா, இல்லை பழையபடி கோழியையே அடைக்கு வைக்கட்டுமா?

பதில்: பொரிக்காத முட்டைகளைக் குப்பையில் எறியாமல் உடைத்துப் பார்த்து, எண்ணி எழுதியிருக்கிறீர்கள். பலரும் செய்யத் தவறும் வேலை இது. கரு எந்த நாளில் இறந்தது என்று தெரிந்தால்தான் குறை எங்கே என்று சொல்ல முடியும். உங்கள் கணக்கைப் பார்க்கையில் ஒன்றல்ல, இரண்டு தனித்தனிக் குறைகள் தெரிகின்றன. ஒன்று முட்டை பெட்டிக்குள் போவதற்கு முன்பே நேர்ந்தது, மற்றது கடைசி மூன்று நாட்களில் நேர்ந்தது. பெட்டியை மாற்றினால் முதல் குறை அப்படியே இருக்கும் என்பதால், இப்போதைக்கு அதை மாற்ற வேண்டாம்.

முதலில் 11 வெறும் முட்டைகளையும் இரத்த வளையம் கண்ட 6 முட்டைகளையும் எடுத்துக்கொள்வோம். முட்டை இடப்படும்போதே கருவுற்ற முட்டையில் கரு ஏறத்தாழ ஒரு நாள் வளர்ச்சியைக் கண்டிருக்கும். குளிர்ந்தவுடன் அது உறங்கிவிடும். சுமார் 21 டிகிரி செல்சியசுக்கு மேல் சென்றால் அந்த உறக்கம் கலையத் தொடங்கும். சித்திரை வெயிலில், அடுப்பு எரியும் சமையலறையில், அலமாரியின் வெப்பம் பகலில் 35 டிகிரியைத் தொட்டிருக்கக்கூடும். அந்த வெப்பம் கருவை முறையாக வளர்க்கவும் போதாது, உறங்கவும் விடாது. இப்படி அரைகுறையாக வளர்ந்து நலிந்த கரு, பெட்டிக்குள் வைத்த முதல் சில நாட்களிலேயே இறந்துபோகும். இரத்தக் குழாய்கள் தோன்றிய பிறகு இறந்தால் வளையமாகத் தெரியும். அதற்கும் முன்பே இறந்துவிட்டால் கருக்கூடாத முட்டையைப் போலவே வெறுமையாகத் தெரியும். எனவே அந்த 11 முட்டைகளுக்கும் சேவலைக் குறை சொல்லிவிட முடியாது. ஆனாலும் 14 பெட்டைக்கு ஒரு சேவல் என்பது சற்றுக் குறைவுதான். 8 முதல் 10 பெட்டைக்கு ஒன்று என்ற கணக்கில் இன்னொரு சேவலைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

அடைக்கு வைக்கும் முட்டையை 7 நாட்களுக்கு மேல் சேர்க்காதீர்கள். கோடையில் 4 அல்லது 5 நாட்களே போதும். வீட்டின் குளிர்ந்த மூலையில் ஈர மணல் பரப்பி, அதில் மண்பானையைப் பாதி புதைத்து, உள்ளே உலர்ந்த வைக்கோலின் மேல் கூர்முனை கீழே இருக்குமாறு முட்டைகளை அடுக்கி, வாயை மெல்லிய துணியால் மூடி வையுங்கள்; மணலில் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் பானையின் உட்புறம் வெளியைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். ஈரத்துணியால் துடைப்பதை அடியோடு நிறுத்திவிடுங்கள். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றைக் காக்கும் மெல்லிய பூச்சு துடைக்கும்போது போய்விடுகிறது, அழுக்கு ஈரத்தோடு உள்ளே இழுபடுகிறது. எச்சம் ஒட்டிய முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, சுத்தமானதை மட்டும் அடைக்கு வையுங்கள்.

குஞ்சுகள் நான்கு நாட்களாக நீண்டு பொரித்ததற்கும் இதில் பங்கு உண்டு. சேமித்த ஒவ்வொரு நாளுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பொரிப்பு தாமதமாகும் என்பது குஞ்சு பொரிப்பகங்களில் கைக்கொள்ளும் கணக்கு. 15 நாள் முட்டையும் நேற்றைய முட்டையும் ஒரே பெட்டியில் இருந்தால் ஒன்றுபோல் பொரிக்காது. எனினும் மூன்று நாள் இடைவெளிக்கு அது மட்டுமே காரணமாகாது. பெட்டிக்குள் ஓரிடம் சூடாகவும் ஓரிடம் குளிர்ந்தும் இருந்திருக்க வேண்டும். மின்விசிறியை பல்போடு சேர்த்து இணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வீட்டிலேயே செய்யும் பெட்டிகளில் இந்தத் தவறு அடிக்கடி நேர்கிறது: பல்பு அணையும்போதெல்லாம் விசிறியும் நின்றுவிடும். விசிறி தனி இணைப்பில் இடைவிடாமல் சுழல வேண்டும். விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 முதல் 37.8 டிகிரி சரியான வெப்பம். கருவி காட்டும் அளவு உண்மைதானா என்று சோதிக்க, ஒரு குவளையில் காய்ச்சல் அளவுக்கு வெதுவெதுப்பான நீர் எடுத்து, கருவியின் உணர்முனையையும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் ஒன்றாக அதில் வைத்து ஒப்பிடுங்கள். 37.5 டிகிரி என்பது 99.5 பாரன்ஹீட். வேறுபாடு இருந்தால் அந்த அளவுக்குக் கருவியைத் திருத்தி வையுங்கள். வெப்பம் சிறிது நேரம் குறைவதைக் கரு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். 40 டிகிரிக்கு ஏறி நின்றால் தாங்காது.

அடுத்தது, முழுதாக வளர்ந்து இறந்த 12. என்னை வருந்தச் செய்தவை இவைதாம். 18 நாட்கள் உயிரோடு வளர்ந்து வாசலில் இறந்தவை. கொத்திய பிறகு நின்ற 5 குஞ்சுகளுக்கும் காரணம் ஏறத்தாழ உறுதி. மூடியைத் திறந்தவுடன் ஈரக்காற்று வெளியேறிவிடுகிறது. ஓட்டின் உட்புறச் சவ்வு காய்ந்து தோல்போல் இறுகிக் குஞ்சைச் சுற்றி ஒட்டிக்கொள்கிறது. தெளித்த தண்ணீர் அதை ஈடுசெய்யாது, முட்டையைக் குளிரவே வைக்கும். 18-ஆம் நாள் முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, அகன்ற தட்டில் வெந்நீர் ஊற்றி, ஈரப்பதம் 65 முதல் 75 விழுக்காடு வரை வருமாறு செய்து, காற்றுத் துளைகளை முழுதும் திறந்துவிட்டு, பிறகு மூடியைத் தொடாதீர்கள். ஈரம் கூடுவதற்குத் தட்டின் ஆழம் உதவாது, நீர்ப்பரப்பின் அகலமே உதவும்.

ஓட்டைக் கொத்திய குஞ்சு வெளிவர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அசையாமல் கிடக்கும் அந்த நேரத்தில்தான் சவ்விலுள்ள இரத்தமும் மிச்ச மஞ்சள் கருவும் அதன் உடலுக்குள் போகின்றன. நீங்கள் உரித்த இரண்டும் இரத்தம் கசிந்தது அதனாலேயே. பொரித்த குஞ்சு அந்த மஞ்சள் கருவின் பலத்தில் இரண்டு நாட்கள் தீனியின்றி இருக்கும் என்பதால், முந்தி வந்தவற்றை எடுக்க வேண்டும் என்று அவசரப்பட்டுத் திறக்கத் தேவையில்லை.

கொத்தாமலே இறந்த 7-இல் உடல் நீர் கோத்து ஊறியிருந்ததா, வறண்டு ஒட்டியிருந்ததா என்பதை நீங்கள் எழுதவில்லை. ஊறியிருந்தால் முதல் 18 நாட்களில் ஈரம் மிகுதி, வறண்டிருந்தால் குறைவு. அடுத்த முறை இதை ஊகிக்க வேண்டியதில்லை, சமையலறைத் தராசே சொல்லிவிடும். முட்டை 18 நாட்களில் தன் எடையில் 11 முதல் 13 விழுக்காடு இழக்க வேண்டும். தொடக்கத்தில் பத்து முட்டைகள் சேர்ந்து 400 கிராம் இருந்தால், 18-ஆம் நாள் 348 முதல் 356 கிராம் வரை இருக்க வேண்டும். 6, 12-ஆம் நாட்களிலும் எடை பாருங்கள்; குறைவது போதவில்லையென்றால் நீர்த்தட்டைச் சிறிதாக்குங்கள், மிஞ்சிப்போனால் பெரிதாக்குங்கள். இந்த முதல் 18 நாட்களில் ஈரப்பதம் 55 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் போதும். பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் இட்டு, நாளுக்கு 3 அல்லது 5 முறை திருப்புங்கள். ஒற்றைப்படை எண்ணிக்கையில் திருப்பினால்தான் நீண்ட இரவில் மேலே இருக்கும் பக்கம் நாளுக்கு நாள் மாறி மாறி வரும்.

கோழியா, பெட்டியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அடைக்கு உட்கார்ந்த பெட்டை ஒன்று இருந்தால், பெட்டியில் முட்டை வைக்கும் நாளிலேயே அதற்கும் 10 முட்டைகள் வையுங்கள். கடைசி நாட்களின் ஈரத்தையும் வெப்பத்தையும் அது நம்மைவிட நன்றாக அறியும். பெட்டியில் பொரித்த குஞ்சுகளில் சிலவற்றை இரவு இருட்டியபின் அதன் இறகுக்குள் விட்டால் பெரும்பாலும் தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். மற்றவற்றுக்குப் பல்பின் கீழ் முதல் வாரம் 35 டிகிரி கொடுத்து, வாரத்துக்கு 3 டிகிரி அளவில் குறைத்து வாருங்கள். குஞ்சு பொரித்த 7-ஆம் நாள் வெள்ளைக் கழிச்சல் நோய்க்கான கண் சொட்டுத் தடுப்பு மருந்தைத் தவறவிடாதீர்கள்.

அடுத்த முறை 20 முட்டைகள் மட்டும் வைத்து, 7-ஆம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்திக்கால்போல் இரத்தக் குழாய் ஓடினால் கரு உயிரோடு இருக்கிறது. வெறுமையாகத் தெரிபவற்றை அன்றே எடுத்து உடையுங்கள். ஐந்து நாளுக்குள் சேர்த்த, துடைக்காத முட்டையிலும் வெறுமை அதே விகிதத்தில் இருந்தால், அப்போது சேவலைச் சந்தேகிக்கலாம்.